நீலம் துடைத்த சனிக்கிழமை

1

ஊரிலிருந்து வீடியோ கோலில் வருகிறவர்களுக்கு என் பின்வளவைக் காட்டினால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "உது காய்க்குமோ?" காய்க்காது. "பூக்குமோ?" பூக்கும், ஆனால் சாமிக்கு வைக்கிற மாதிரிப் பூ இல்லை. வெளிறிய ஊதாவில் கொஞ்ச நாள் தொங்கிவிட்டு விழுந்துவிடும். "கறி வைக்கலாமோ?" என்று கேட்டால் மட்டும் நான் கதையை மாற்றிவிடுவேன். ஜப்பான்காரர் இதன் இளங்குருத்தைச் சமைத்துச் சாப்பிடுவார்களாம் என்று எங்கேயோ வாசித்திருக்கிறேன். அதை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமையே தேங்காய்ப்பூ போட்டு வறையாக்கிவிடுவார்கள்.

ஆகவே நீங்கள் கேட்க முதலே சொல்லிவிடுகிறேன். இதன் பெயர் ஹோஸ்டா. ஒன்றுக்கும் உதவாது. பார்க்க மட்டும்தான்.

நான் வளர்ப்பது அதில் நீல இலை உள்ள இனம். சேம்பிலையைச் சின்னதாக்கித் தடிப்பாக்கி, பள்ளிக்கூடத்து நீல மை கலந்த சாம்பலை மேலே தூவியது போல இருக்கும். உண்மையில் இலை பச்சைதான். திராட்சைப்பழத்தின் தோலில் ஒரு வெள்ளை மா படிந்திருக்குமே, அதைப் போல இந்த இலையின் மேலும் ஒரு மெழுகுப் படலம் இருக்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரைதான் நீலம். கடும் வெயில் பட்டால் உருகிவிடும். இலைக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் கழுவுப்பட்டுப் போகும். விரலால் தேய்த்தால் தேய்த்த இடம் பச்சையாகும். ஒருமுறை போனால் அந்த இலைக்குத் திரும்ப வராது. அதனால் நான் வேலைக்குப் போக முதல் காலையில் வாளியோடு குனிந்து நின்று, இலையில் ஒரு துளி படாமல் அடியில் மட்டும் தண்ணீர் விடுவேன். மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவத்தான் செய்யும். மழையோடு சண்டை பிடிக்க என்னால் ஏலாது. மற்ற எல்லோரோடும் பிடிப்பேன்.

2

லண்டனில், ஈஸ்ட் ஹாமில் நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது வாசல் எந்தத் திசை என்று ஊரிலுள்ள சாத்திரியாரிடம் ஃபோனில் கேட்டார்கள். தெற்கு என்றதும் அவர் கொஞ்சம் யோசித்து, எங்கள் ராசிக்குப் பிழையில்லை என்று சொல்லிவிட்டார். வாசல் தெற்கே பார்த்தால் பின்பக்கம் வடக்கே பார்க்கும் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை. இந்த நாட்டில் வடக்கே பார்த்த பின்வளவு என்றால் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும் என்று அர்த்தம்.

நான் மிளகாய் வைத்தேன், பூக்கவில்லை. கறிவேப்பிலை வைத்தேன், ஒரு குளிர்காலத்துக்கு நிற்கவில்லை. முருங்கை விதை போட்டேன். முளைத்து, வந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. "வெயில் இல்லாத வளவு என்னத்துக்கு?" என்று சொல்லி இவர், என் கணவர், பாதி வளவுக்குச் சிமெந்துக் கல் பதித்துவிட்டார்.

நான் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். ஒரு வருஷம் பள்ளிக்கூடக் கோடைச் சந்தையில் ஒரு வெள்ளைக்கார மனுஷி செடி விற்றுக்கொண்டு இருந்தாள். இந்த நீல இலையைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். "உன்னிடம் நிழல் இருக்கிறதா?" என்று கேட்டாள். நிழலைத் தவிர வேறொன்றும் எங்களிடம் இல்லை என்று என் இங்கிலீஷில் சொன்னேன். "அப்படியானால் நீ கொடுத்துவைத்தவள்" என்றாள். எங்கள் வளவைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

உங்களுக்கு இது விசர்க்கதையாக இருக்கும். எங்கள் ஊர் வளவில் நின்ற மரம் செடி எல்லாவற்றுக்கும் வேலை இருந்தது. பூவரசு வேலிக்கு, முருங்கை கறிக்கு, செவ்வரத்தை சாமிக்கு. சும்மா நின்றது ஒன்றும் இல்லை. வீட்டுப் பெண்களும் அப்படித்தான். நான் கொஞ்ச நேரம் கிணற்றுக்கட்டில் சும்மா இருந்தால், "ஏன், உனக்கு வேலை ஒண்டும் இல்லையோ?" என்று அம்மாவின் குரல் வரும். அந்த நாட்களுக்காக நான் ஏங்கவில்லை. ஒன்றுக்கும் உதவாத ஒன்றை, அது வடிவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வைத்துப் பார்க்கிற உரிமை எனக்கு லண்டனில்தான் கிடைத்தது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் மகன் மயூரனின் சிநேகிதன் ஒருவன், பெரிய படிப்புப் படித்தவன், ஒருநாள் இலைகளைப் பார்த்துவிட்டு, "அன்ரி, திஸ் இஸ் லைக் யுவர் ஸ்டோரி. வெயில் இல்லாத இடத்திலும் வளருது" என்றான். தம்பி, இது செடி, நான் மனுஷி, பலகாரத்தைச் சாப்பிடு என்றேன். ஊரிலிருந்து எழுதுகிற நீங்களும் எங்களைக் குளிரிலும் இருட்டிலும் வாடுகிற சீவன்களாகத்தான் பார்க்கிறீர்கள். நான் வாடவில்லை. ஹோஸ்டாவும் வாடவில்லை. எங்கள் இருவருக்கும் எதிரி ஓடு இல்லாத நத்தைதான்.

அந்த நத்தை ஒரே இரவில் இலையைச் சல்லடையாக்கிவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. சின்னக் கிண்ணத்தில் பியர் ஊற்றி மண்ணோடு மட்டமாகப் புதைத்துவிட்டால் வாசத்துக்கு வந்து விழுந்து செத்துப்போகும். நான் ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள தமிழ்க் கடையில் மரக்கறியோடு சேர்த்து பியர் டின்களும் வாங்கத் தொடங்கினேன். காசு வாங்குகிற பெடியன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். சில மாதங்களில், பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் அறியாத என் கணவர் பெருங்குடிகாரராகிவிட்டார் என்ற செய்தி லண்டனின் மறுகோடியில் இருக்கிற டூட்டிங் வரைக்கும் போய்விட்டது. நத்தைக்கு என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

3

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் என் மருமகள் அபி பிள்ளைத்தாச்சியானாள். தங்களுக்கென்று வீடு வாங்கும்வரை மகனும் மருமகளும் எங்களோடு வந்திருப்பது என்று முடிவானது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இவர் உடனே எக்ஸ்டென்ஷன் என்றார்.

எங்கள் தெருவில் எக்ஸ்டென்ஷன் போடாத தமிழ் வீடு எங்களுடையது ஒன்றுதான். பின்சுவரை உடைத்து, வளவுக்குள் மூன்று மீட்டர் இறங்கி, பெரிய அடுப்படியும் அதன் பக்கத்தில் ஒரு அறையும். கண்ணாடிக் கதவு. மேலே வெளிச்சம் வரக் கண்ணாடிக் கூரை. இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்த வீடுகளின் படங்கள் முழுக்க ஃபோனில் இருந்தன. கவுன்சிலுக்கு எழுதினார், பக்கத்து வீட்டுக்காரரிடம் சம்மதம் கேட்டார், எங்கள் ஆள் ஒருவரைப் பிடித்துப் பிளான் கீறினார். என்னிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நான் எப்படியும் ஓம் என்பேன் என்பது அவரின் கணக்கு.

பிளானை மேசையில் விரித்தபோது என் வளவைத் தேடினேன். குப்பைத் தொட்டிகளுக்கு மூன்று சதுரம் போட்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாய்க்கு ஒரு வட்டம் இருந்தது. பதினான்கு வருஷமாக நான் வளர்க்கிற ஹோஸ்டாக்கள் நின்ற இடம் வெறும் வெள்ளை. அதன் நடுவில் இங்கிலீஷில் 'பாவிக்கப்படாத பகுதி' என்று எழுதி, அதற்கு மேலாலேயே புது அடுப்படியின் கோட்டைக் கீறியிருந்தார்கள்.

"இதுகளை என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"சாடியிலை வைச்சு முன்னுக்கு வையுமன்" என்றார் இவர்.

"முன்னுக்குத் தெற்கு வெயில். ஒரு கிழமையிலை நீலம் போயிடும்."

"போனால் என்ன? பச்சையும் வடிவுதானே?"

மயூரன் ஃபோனிலிருந்து தலையை எடுக்காமல், "அம்மா, இட்ஸ் லிட்டரலி எ பிளாண்ட்" என்றான். இந்தப் பிள்ளையோடு எனக்கு இப்போது இதுதான் கதை. நான் நாலு வசனம் சொல்வேன், அவன் ஒரு வசனம் சொல்வான், அதிலும் தமிழ்ச் சொல் 'அம்மா' மட்டும்தான்.

வீடு இரண்டு பேரின் பெயரிலும் இருப்பதால் வங்கிக்கு என் கையெழுத்தும் வேண்டும். நான் சில கிழமைகள் இழுத்தடித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பேரப்பிள்ளை வரப்போகிறது. ஒரு அறைக்கும் நாலு இலைக்கும் இடையில் மனுஷர் எதைத் தெரிவு செய்வார்கள்? மனம் நொந்துதான் சரி என்று முடிவெடுத்தேன். வாய்விட்டு ஒருவருக்கும் சொல்லவில்லை. இந்தக் கோடையில் கடைசியாக அந்த நீலத்தை ஆசைதீரப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம் என்று இருந்தேன்.

4

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டில் சாப்பாடு. நாங்கள் லண்டனுக்கு வந்து முப்பது வருஷம் நிறைந்ததற்காக இவர் சொந்தக்காரரைக் கூப்பிட்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமை கட்டடக்காரன் அளக்க வருவான் என்பதும் அன்றைக்கு எல்லோருக்கும் அறிவிக்கப்பட இருந்தது.

உதவிக்கு இவருடைய அக்கா, டூட்டிங் மச்சாள், வெள்ளி பின்னேரமே ரயில் மாறி வந்து இறங்கிவிட்டார். வந்தவுடன் என்னை அடுப்படிக்குள் இழுத்து, "தம்பி குடிக்கத் துவங்கீட்டானாமே?" என்று காதுக்குள் கேட்டார். நத்தைக் கதையைச் சொன்னேன். நம்பாத முகத்தோடு படுக்கப் போனார்.

காலையில் வாழையிலையும் தயிரும் எடுக்க நான் ஹை ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அடுப்படியில் மச்சாள் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

மச்சாள் தோய்ந்து, தலையை உலரவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு ஹோஸ்டாக்களின் நடுவில் இருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. இடது கையில் ஒரு இலையை ஏந்தி, வலது கையால் தண்ணீர் தெளித்து, காம்பிலிருந்து நுனிவரைக்கும் ஒரு துணியால் ஒரே இழுப்பில் துடைத்தார். சாப்பாட்டுக்கு இலை போட்டவுடன் தண்ணீர் தெளித்து வழிக்கிற அதே கை. எத்தனை கலியாணவீட்டுப் பந்தியில் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். கைக்கு எட்டிய ஒரு இலையும் மிச்சம் விடாமல் துடைத்திருந்தார்.

"எங்கை பிள்ளை போட்டு வாறாய்?" என்றார் சந்தோஷமாக. "உதுகள் கிடந்த கிடையைப் பார்த்தனியே? திருநீறு கொட்டின மாதிரி ஊத்தை. நீயும் பாவம், வேலைக்குப் போறனீ, உனக்கு எங்கை நேரம்? சனம் வரப்போகுது எண்டு எல்லாத்தையும் வடிவாத் துடைச்சுப்போட்டன்."

என் வளவு முழுக்கப் பச்சை. எந்த வேலியிலும் எந்தப் பூங்காவிலும் இருக்கிற பளபளத்த பச்சை.

"மச்சாள், அது ஊத்தை இல்லை" என்றேன். "அதுதான் நீலம்."

"என்ன நீலம்?"

குப்பைத் தொட்டிக்குப் பின்னால் அவருக்கு எட்டாமல் போன ஒரு சின்ன இலையைக் காட்டினேன். அதைப் பார்த்தார். துடைத்த இலையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துணியை விரித்துப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

"ஐயோ, நான் என்ன வேலை செய்துபோட்டன்" என்று எழும்பினார். "திரும்ப வராதோ பிள்ளை?"

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் அறுபத்தெட்டு வயதில், முழங்கால் நோவோடு, விடிய எழும்பி என் வீட்டைத் துப்புரவாக்கிய மனுஷியை எப்படிப் பேசுவது?

"உந்த இலைக்கு வராது. அடுத்த வருஷம் புது இலையிலை வரும்" என்றேன்.

சொல்லி முடிக்க எனக்கே விளங்கியது. அடுத்த வருஷம் இந்த இடத்தில் அடுப்பு இருக்கும். ஆசைதீரப் பார்க்க வைத்திருந்த கடைசிக் கோடை ஒரு ஈரத்துணியோடு போய்விட்டது. நான் பார்க்கிற கடைசிக் காட்சி இந்தப் பச்சையாக இருக்க முடியாது. அப்படி முடிய நான் விடமாட்டேன் என்று எனக்குள் ஏதோ ஒன்று காலை ஊன்றி நின்றது. மச்சாள் அதைத் துடைக்காமல் விட்டிருந்தால் நான் அந்தக் கோடை முடியக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

5

சாப்பாடு முடிந்து பாயசம் வந்தது. இவர் எழுந்து நின்று, முப்பது வருஷத்துக்கு முதல் ஹீத்ரோவில் ஒரு சூட்கேஸோடு இறங்கிய கதையைச் சொன்னார். எல்லோரும் ஏற்கனவே கேட்ட கதை. பிறகு பின்சுவரைக் காட்டி, "திங்கக்கிழமை பெடியன் அளக்க வாறான். உது முழுக்க உடைச்சு, கண்ணாடி போட்டு, பெரிசா எடுக்கப்போறம். இவவும் ஓமெண்டிட்டா" என்றார்.

"நான் ஓமெண்டு சொல்லேல்லை" என்றேன்.

பாயசக் கரண்டிகள் நின்றன. இவர் சிரித்துப் பார்த்தார். "என்னப்பா நீர், சனத்துக்கு முன்னாலை..."

"சனத்துக்கு முன்னாலைதானே நீங்களும் சொன்னனீங்கள். நான் கையெழுத்துப் போடமாட்டன்."

"ஒரு இலைக்காகவோ?"

"ஓம். இலைக்காகத்தான்."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "அப்ப பிள்ளையள் எங்கை படுக்கிறது? உம்மடை இலைக்குக் கீழையோ?"

"முன் அறையிலை."

முன் அறையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கிற அறை. மூன்று துண்டுத் தோல் சோபா, கண்ணாடி அலுமாரி, அதற்குள் மயூரன் சின்ன வயதில் போட்டிகளில் வென்று வாங்கிய கிண்ணங்கள். சோபாவில் இவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்து செய்தி பார்ப்பார். நல்ல பெரிய அறை. நல்ல வெயில். பிளானில் அது பாவிக்கப்படுகிற பகுதி.

"விசர்க்கதை கதையாதையும். சனம் வந்தால் எங்கை இருக்கிறது?" என்றார்.

"இப்ப வந்த சனம் எங்கை இருக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் அடுப்படியிலும் பின்வாசல் படியிலும் வளவிலும்தான் இருந்தார்கள். முன் அறையில் செருப்புகளும் கைப்பைகளும் மட்டும் இருந்தன.

அபிதான் முதலில் வாயைத் திறந்தாள். "மாமி, ஃப்ரண்ட் ரூம் இஸ் ஆக்சுவலி நைஸ். பேபிக்குச் சன்லைட் வேணும்தானே."

இவர் தன் அக்காவைப் பார்த்தார், ஆதரவு கிடைக்கும் என்று. மச்சாள் காலையிலிருந்து ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இலையை மடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உன்ரை சோபாவிலை நான் எப்ப இருந்தனான்? வந்தால் அடுப்படிக் கதிரைதான். அதைத் தூக்கிக் குடு. அவளின்ரை நிலத்தை விடு."

அக்கா சொல்லை இவர் ஒருநாளும் தட்டியதில்லை. அது அவர்கள் வீட்டுப் பழக்கம். மூன்று பெண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த தம்பியை அந்த அக்காதான் இடுப்பில் தூக்கித் திரிந்தவர். இவர் கதிரையில் இருந்துவிட்டார். "எத்தினை நாளைக்கு?" என்று கேட்டார்.

"இதுகள் திரும்ப நீலமா வாற மட்டும் ஒருத்தரும் இந்த நிலத்திலை கை வைக்கேலாது" என்றேன். கோபத்தில் வந்த வார்த்தை. இவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலை நான் அப்போது கவனிக்கவில்லை. அவர் அதைத் தவணை என்று எடுத்துக்கொண்டார்.

6

சோபாவை யாரோ வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணாடி அலுமாரி மாடிக்குப் போனது. குளிர்காலத்தில் பேத்தி பிறந்தாள். முன் அறையில் காலை வெயிலில் அவளைப் படுக்கவைத்து எண்ணெய் பூசும்போது, இந்த அறை இத்தனை வருஷம் யாருக்காகப் பூட்டிக் கிடந்தது என்று எனக்கு ஆத்திரம் வரும்.

ஹோஸ்டா குளிருக்கு நிலத்துக்கு மேலே முற்றாக அழிந்துவிடும். இலைகள் மஞ்சளாகி, அழுகி, மண்ணோடு ஒட்டிப்போகும். வெறும் நிலத்தைப் பார்த்து இவர் ஒன்றிரண்டு தடவை, "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

மார்ச் மாதம் மண்ணுக்கு வெளியே ஊதா நிறத்தில் கூரான முளைகள் வந்தன. செடியைப் பிரிப்பதற்கு அதுதான் சரியான நேரம். வேரோடு கிளப்பி, முளைகள் உள்ள துண்டுகளாக வெட்டி, தனித்தனியாக நட்டால் ஒரு செடி மூன்று நாலாகும். நான் இத்தனை வருஷமும் பிரிக்கவில்லை. வைக்க இடம் இல்லை. மற்றப் பாதி முழுக்க இவர் பதித்த சிமெந்துக் கல்.

இவர் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் மயூரனைப் பின்னுக்குக் கூப்பிட்டேன். கடப்பாரையைக் கையில் கொடுத்தேன்.

"அம்மா, டஸ் அப்பா நோ?"

"நீ கல்லைத் தூக்கு."

ஒருகணம் பார்த்தான். பிறகு ஃபோனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுத் தூக்கினான். மூன்று கல் தூக்கியதும் அவனுக்கே உற்சாகம் வந்துவிட்டது. நான் பலாப்பழம் வெட்டுகிற கத்தியால் வேர்களைப் பிளந்தேன். அவன் குழி தோண்டினான். "எவ்வளவு ஆழம்? இது காணுமோ?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டான். முழுக்கத் தமிழில்தான் கேட்டான். நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. பின்னேரம் மண்ணை மூடி, கல்லுகளை வேலியோரம் அடுக்கினோம். வளவில் ஒன்றும் தெரியவில்லை. இவர் வந்து பார்த்து, "கல்லெல்லாம் கிளப்பியாச்சோ? நல்லது, கட்ட வாற பெடியனுக்கு வேலை மிச்சம்" என்றார்.

மே மாதம் இலைகள் விரிந்தன. பழைய செடிகளில் பெரிய இலை, பிரித்து வைத்தவற்றில் சின்ன இலை. எல்லாம் நீலம். டூட்டிங் மச்சாள் பிள்ளையைப் பார்க்க வந்து, பின்வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "உதுவோ நான் துடைச்சது!" என்று மட்டும் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் குனிந்து நின்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். இவர் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தார். ஒரு கையில் அளவுநாடா, மற்றக் கையில் ஃபோன்.

"நீலம் வந்திட்டுதப்பா" என்றார் மெதுவாக. "வாற மட்டும் எண்டுதானே சொன்னனீர்? இப்ப அந்தப் பெடியனைக் கூப்பிடட்டோ?"

சொல்லிக்கொண்டே படியிலிருந்து இறங்கக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். படியிலிருந்து பின்வேலி வரைக்கும் கால் வைக்க ஒரு சாண் நிலம் இல்லை, எல்லாம் நீல இலை.

"ஓம், கூப்பிடுங்கோ" என்றேன். "பாத்துக் கால் வைக்கச் சொல்லுங்கோ."